தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்தவருக்கு மனநல சிகிச்சை எப்போது, எப்படித் தொடங்க வேண்டும்?

கேள்வி இது: தற்கொலைக்கு முயன்ற உறவினரை ஜிஹெச்சில் சேர்த்தார்கள். மூன்று நாளில் உடம்பு தேறியது. "சைக்கியாட்ரி ஓபியில காட்டுங்க" என்று ஒரு சீட்டைக் கொடுத்து டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். இது சரியா? மனநல மருத்துவர் வார்டிலேயே வந்து பார்த்திருக்க வேண்டாமா? போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று வீட்டார் பயந்து சிலவற்றை மறைத்தார்களே, அந்தப் பயத்தில் நியாயம் உண்டா?

வார்டிலேயே பார்த்திருக்க வேண்டும், அதுவும் கடைசி நாளில் அல்ல. கேஸ் பயத்துக்கு இன்று சட்டத்தில் இடம் மிகக் குறைவு. இரண்டையும் விரிவாகச் சொல்கிறேன். வீட்டார், ஹவுஸ் சர்ஜன், ஸ்டாஃப் நர்ஸ் மூவருக்கும் இதில் வேலை இருக்கிறது.

'முதலில் உடம்பு, பிறகு மனம்' என்ற வரிசைதான் நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் நடப்பது. கேட்க நியாயமாக இருக்கும். நடைமுறையில் என்ன ஆகிறது? மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸில் "சைக்கியாட்ரி ஒப்பினியன் வாங்கி அனுப்பிடுங்க" என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரி ஏறும். மதியம் மனநலப் பிரிவில் மேற்படிப்புப் படிக்கும் பிஜி டாக்டர் வருவார். அதற்குள் வீட்டார் பையைக் கட்டியிருப்பார்கள், அடுத்த நோயாளி அந்தக் கட்டிலுக்காக ஸ்ட்ரெச்சரில் காத்திருப்பார். சுற்றி நான்கு உறவினர்கள் நிற்க, பத்து நிமிடத்தில் கேள்வி முடியும். "இனிமே இப்படிப் பண்ண மாட்டேன் டாக்டர்" என்பது ஒன்றே பதில். வீட்டுக்குப் போவதற்கு அந்த வாக்கியம்தான் டிக்கெட் என்று நோயாளிக்குத் தெரியும். அதை மதிப்பீடு என்று சொல்ல முடியாது.

சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட சுயதீங்கு வழிகாட்டி, உளவியல் சமூக மதிப்பீட்டை, அதாவது மனநிலையையும் வாழ்க்கைச் சூழலையும் கேட்டறிவதை, உடல் சிகிச்சை முடியும்வரை தள்ளிப்போடக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. ரத்தத்தில் மதுவின் அளவைக் காட்டித் தாமதிக்கவும் கூடாது. ஆள் பேசும் நிலையில் இருந்தால் போதும். நினைவில்லாமல் இருந்தாலோ, குழம்பிப் பேசினாலோ, உடல் சிகிச்சையே தடைப்படும் என்றாலோ மட்டும் காத்திருக்கலாம். சலைன் ஏறிக்கொண்டிருப்பது காத்திருக்கக் காரணம் ஆகாது.

முதல் ஒரு மணி நேரத்தில் வீட்டார் செய்யக்கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிராமங்களில் இன்னும் நடக்கிறது. உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் என்று எதையாவது புகட்டி வாந்தி எடுக்க வைப்பது. பாதி மயக்கத்தில் இருப்பவர் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும். உட்கொண்ட பொருளை விட அதனாலேயே வென்டிலேட்டருக்குப் போகிறவர்கள் உண்டு. எதையும் கொடுக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். பாட்டில், மாத்திரை அட்டை எது கிடைத்தாலும் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள், அல்லது லேபிளைப் போட்டோ எடுங்கள். "ஏதோ பச்சைக் கலர் மருந்து" என்ற தகவலை வைத்து டாக்டர் எதையும் தீர்மானிக்க முடியாது. தில்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற இலவச எண்ணில் டூட்டி டாக்டர்களும் கேட்கலாம்.

இன்னொன்று. வந்து சில மணி நேரத்தில் நோயாளி எழுந்து உட்கார்ந்து காபி கேட்கிறார் என்பதற்காக, எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிப் போகாதீர்கள். சில பொருள்கள் முதல் நாள் ஒன்றும் செய்யாதவை போல இருந்து, இரண்டு மூன்று நாளில் ஈரலையோ மூச்சுத் தசைகளையோ தாக்கும். எத்தனை நாள் கண்காணிப்பு என்பதை டாக்டரிடம் நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

காஷுவாலிட்டி வாசலில் ஏஆர் போடும் இடத்தில்தான் பல சிக்கல்கள் தொடங்குகின்றன. ஏஆர் என்பது விபத்துப் பதிவேடு. என்ன நடந்தது, எப்போது, எங்கே, யார் கூட்டிவந்தார்கள் என்று எழுதுவார்கள். இங்கே உறவினர் சொல்லும் பதில் இரண்டு வகைதான்: "தெரியாம எடுத்துக் குடிச்சுட்டாங்க" அல்லது "தீராத வயித்து வலி". முதல் பதிலால் மனநலப் பிரிவுக்கு ரெஃபரன்ஸே போகாது, தவறுதலாக நடந்ததற்கு எதற்கு சைக்கியாட்ரி? இரண்டாவது பதிலை யாரும் நம்புவதில்லை, அதனாலேயே இன்னொரு தவறு நடக்கிறது. நிஜமாகவே நாள்பட்ட வலியோடு வாழ்ந்து, தூக்கம் கெட்டு, அதனால் மனம் உடைந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஸ்கேனும் வேண்டும், மனச்சோர்வுக்கு மருந்தும் வேண்டும். எல்லா வயிற்று வலியையும் சாக்கு என்று ஒதுக்கிவிடுவதால் இரண்டுமே கிடைக்காமல் போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? இந்திய தண்டனைச் சட்டம் 309-வது பிரிவின் கீழ் தற்கொலை முயற்சி குற்றமாக இருந்தது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 115-வது பிரிவு, வேறாக நிரூபிக்கப்படாதவரை, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அது மட்டுமல்ல, அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவதை அரசின் கடமையாக்குகிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இல்லவே இல்லை. அரசு ஊழியர் ஒருவரைத் தம் கடமையைச் செய்ய விடாமல் தடுக்கவோ, ஒன்றைச் செய்ய நிர்ப்பந்திக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226-வது பிரிவில் இருக்கிறது. வீட்டில் நடந்த துயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இலங்கையில் 1998-லேயே குற்றப்பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டார்கள்.

ஆனால் எம்எல்சி, அதாவது சட்டம் சார்ந்த மருத்துவ வழக்கு என்று பதிவு போடுவார்கள், மருத்துவமனை அவுட்போஸ்ட் போலீசுக்குத் தகவலும் போகும். கான்ஸ்டபிள் வந்து விவரம் கேட்கலாம். நோயாளி மீது கேஸ் போடுவதற்காக அல்ல, வேறு யாராவது அடித்தார்களா, கொடுத்தார்களா, தூண்டினார்களா என்று பார்ப்பதற்காக. பேசும் நிலையில் இருக்கிறாரா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். போலீஸ் வரும்வரை சிகிச்சையை நிறுத்தி வைக்க எந்த மருத்துவமனைக்கும் உரிமை இல்லை. "எம்எல்சி கேஸ் எடுக்க மாட்டோம், ஜிஹெச்சுக்குக் கொண்டு போங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் தனியார் மருத்துவமனைகள் செய்வது தவறு. நிலைப்படுத்தும் முதல் சிகிச்சையைக் கொடுத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

உள்ளே வந்த பிறகு ஊழியர்களின் வாய். "பெத்தவங்களை நினைச்சுப் பார்த்தியா?", "சாகணும்னா வேற எங்கயாவது போக வேண்டியதுதானே, எங்க உயிரை ஏன் வாங்குற?" திட்டினால் புத்தி வரும் என்ற நம்பிக்கையில் சொல்வது. வராது. அடுத்த முறை மருத்துவமனைக்கு வரக்கூடாது என்ற பாடம்தான் மனதில் பதியும். இதைவிட மோசமானது, சிகிச்சையையே தண்டனையாக்குவது. மரத்துப்போகும் ஊசி போடாமல் தையல் போடுவது ஒன்று. தேவை இருக்கிறதா என்று பாராமல் எல்லோருக்கும் மூக்கில் குழாயைச் செருகி வயிற்றைக் கழுவுவது இன்னொன்று. வயிற்றைக் கழுவுவதால் பயன் உண்டென்றால் உட்கொண்ட ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள், மூச்சுக்குழாய் பாதுகாப்பாக இருக்கும்போதுதான். அதைத் தாண்டிச் செய்தால் ஆபத்து அதிகம், பலன் குறைவு. "இனிமே பண்ண மாட்டான் பாருங்க" என்பதற்காக அதைச் செய்வதை மருத்துவம் என்று எந்தப் பாடநூலும் சொல்லவில்லை.

அடுத்து வருவது இளம் டாக்டர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம். இரண்டாம் இரவு பதினொரு மணி. பூச்சிமருந்து விஷத்துக்கு முறிவாக அட்ரோபின் ஏறிக்கொண்டிருக்கும் நோயாளி திடீரென்று போர்வையைக் கிள்ளிக் கிள்ளி எடுக்கிறார், சலைன் குழாயைப் பிடுங்குகிறார், சுவரோரம் யாரோ நிற்பதாகச் சொல்லிப் பேசுகிறார். "சைக்கியாட்ரி கால் போடுங்க, மென்டல் ஆயிட்டார்" என்று குரல் வரும். நில்லுங்கள். நாக்கைத் தொட்டுப் பாருங்கள், காய்ந்து கிடக்கிறதா? கண்மணி விரிந்திருக்கிறதா? தோல் சூடாக, வறண்டு இருக்கிறதா? நாடி ஓடுகிறதா, அடிவயிற்றில் சிறுநீர் தேங்கி உப்பியிருக்கிறதா, குடல் சத்தம் நின்றுவிட்டதா? இவையெல்லாம் சேர்ந்தால் அது அட்ரோபின் கூடிப்போனதன் விளைவு. அளவைக் குறைத்தால் குழப்பமும் குறையும். மாறாக உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, கடைசியாகக் குடித்து இரண்டு மூன்று நாள் ஆகியிருந்தால், அது மது நிறுத்தத்தால் வரும் குழப்பம். அதற்கான மருந்து வேறு. தயமின் (வைட்டமின் பி1) ஊசி குளுக்கோஸுக்கு முன்னால் போக வேண்டும். சர்க்கரை, சோடியம், ஆக்ஸிஜன், விழுந்ததில் தலையில் அடி என்று இன்னும் சில காரணங்கள் பாக்கி இருக்கும், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

கட்டிலருகே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. வார நாள்களை ஞாயிறு, சனி, வெள்ளி என்று பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். மனநோய் உள்ளவர்கூடப் பெரும்பாலும் சொல்லிவிடுவார். உடல் காரணத்தால் குழம்பியிருப்பவர் வெள்ளியிலேயே நூல் அறுந்து வேறெங்கோ போய்விடுவார். காலையில் தெளிவு, இரவில் குழப்பம் என்று மாறி மாறி வருவதும் உடல் காரணத்தையே காட்டும். அந்த நிலையில் வாங்கிய "இனிமே பண்ண மாட்டேன்" எதற்கும் செல்லாது. தெளிந்த பிறகு மறுபடி பேச வேண்டும்.

கட்டிப்போடுவது பற்றி. நம் வார்டுகளில் காடா துணியால் கையைக் கட்டிலில் கட்டுவது இரண்டாவது யோசனை இல்லாமல் நடக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97-வது பிரிவின்படி, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, தேவையான நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் நீளாமல், காரணம் எழுதி வைத்துத்தான் செய்யலாம். தண்டனையாகச் செய்யக் கூடாது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டவும் கூடாது என்று சட்டமே வெளிப்படையாகச் சொல்கிறது. அமைதிப்படுத்த ஊசி தேவைப்பட்டால் ஹாலோபெரிடாலும் ப்ரோமெதசினும் சேர்ந்த ஊசி லோரசெபாமை விட வேகமாக வேலை செய்கிறது என்பதை 2004-ல் வெளியான வேலூர் ஆய்வு காட்டியது. ஆனால் அந்த ஆய்வு மனநல அவசர சிகிச்சைக்கு வந்தவர்களிடம் செய்தது, விஷம் உட்கொண்டவர்களிடம் அல்ல. இங்கே இதயத் துடிப்பு ஏற்கெனவே தடுமாறியிருக்கலாம். முதலில் இசிஜி. ஊசி போட்ட பிறகு கால் மணிக்கு ஒருமுறை மூச்சு, ஆக்ஸிஜன், ரத்த அழுத்தம். ஊசி போட்டதும் தூங்கிவிட்டார் என்று விளக்கை அணைத்துவிட்டுப் போவதுதான் இங்கே உயிரைக் கொல்லும் தவறு.

கட்டில் எங்கே இருக்கிறது என்பதும் சிகிச்சைதான். நர்ஸ் மேசையிலிருந்து பார்வை படும் இடம் வேண்டும். ஜன்னலோரமோ, வராந்தாவின் கடைசியோ வேண்டாம். கையெட்டும் தூரத்தில் டிரஸ்ஸிங் டிராலி நிற்கக் கூடாது. கழிவறைக்குப் போனால் துணைக்கு ஆள் வெளியே நிற்க வேண்டும், உள்ளே தாழ் போட வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடலாம். கொண்டுவந்த பையில் பழைய மாத்திரைகள் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்க்க வேண்டும், பலர் மறந்துபோவது இது. கூட இருக்கும் அட்டெண்டர் விஷயத்தில் ஒரு கேள்வி அவசியம்: "யார் பக்கத்துல இருந்தா உங்களுக்கு நல்லா இருக்கும்?" கணவன்தான் நெருங்கிய உறவு என்று அவரையே உட்கார வைப்போம், காலையில் அடித்தவரும் அவராக இருப்பார். ஒரே ஆளை இரண்டு இரவு விழித்திருக்கச் சொன்னால் இரண்டாம் இரவு தூங்கிவிடுவார். முறை வைத்து மாற்றுங்கள்.

மதிப்பீட்டுக்கு வருவோம். சரியாகச் செய்ய முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். திரை இழுத்த மூலை, ஒரு ஸ்டூல், டாக்டர் உட்கார்ந்து பேச வேண்டும். நின்றுகொண்டு கேட்டால் கிளம்பத் தயாராக இருப்பதாகவே தெரியும். நோயாளியிடம் தனியாக, பிறகு வீட்டாரிடம் தனியாக. இரண்டு கதைகளும் ஒத்துப்போகாத இடத்தில்தான் விஷயம் இருக்கும்.

"ஏன் பண்ணினே?" என்று தொடங்கினால் வாய் மூடிவிடும். "நேத்து காலையில எழுந்ததுல இருந்து என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்று நேர வரிசையில் போங்கள். அந்த நிமிடத்தில் என்ன தோன்றியது? என்ன ஆகும் என்று நினைத்தார்? யாருக்காவது போன் செய்தாரா, யாரும் வராத நேரம் பார்த்தாரா, கடிதம் எழுதினாரா? பிழைத்ததில் இப்போது எப்படி இருக்கிறது? பிறகு நேரடியாக: "செத்துடலாம்னு இப்பவும் தோணுதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்ற பயம் பரவலாக இருக்கிறது, ஆய்வுகள் அதற்கு ஆதரவாக இல்லை. கேட்டதும் பெரும்பாலானவர்களின் தோள் இறங்குவதைப் பார்க்கலாம்.

தானாக வெளிவராத, கேட்டால் மட்டுமே வரும் விஷயங்கள் உண்டு: வீட்டில் அடி, சுயஉதவிக் குழுக் கடன் தவணை, கடன் ஆப்காரர்கள் போட்டோவைப் பரப்புவோம் என்று மிரட்டுவது, குழந்தை பிறந்து சில வாரங்களில் வந்த தூக்கமின்மை, காதில் கேட்கும் குரல்கள், மது. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பள்ளியில் அல்லது வீட்டில் பாலியல் தொல்லை இருந்ததா என்று கட்டாயம் கேட்க வேண்டும். இருந்தால் போக்சோ சட்டப்படி தகவல் தர வேண்டிய கடமை டாக்டருக்கு உண்டு. குழந்தை உதவி எண் 1098. முதியவர் என்றால் "வயசாச்சு, அப்படித்தான்" என்று யாரும் சொல்லக் கூடாது. இந்த வயதில் முயற்சிகள் எண்ணிக்கையில் குறைவு, மரணத்தில் முடிவது அதிகம்.

முயன்ற எல்லோருக்கும் மனநோய் இருக்காது. நம் பக்கத்தில் கணிசமானவர்கள் சண்டை நடந்த சில நிமிடங்களுக்குள் செய்துவிடுகிறவர்கள். அதனால் சைக்கியாட்ரி குறிப்பில் "தற்போது மனநோய் இல்லை" என்று எழுதியிருந்தால், உதவியே தேவையில்லை என்று படித்துக்கொள்ளக் கூடாது. அவருக்கு மாத்திரைக்குப் பதில் கடன் ஆலோசனையோ, 181 பெண்கள் உதவி எண்ணோ, சமூகப் பணியாளரோ தேவைப்படலாம். மாத்திரை எழுதாத ரெஃபரன்ஸ் வீண் என்று வார்டு டாக்டர்களே நினைப்பது எனக்கு எப்போதும் எரிச்சலூட்டும் விஷயம்.

'ஹை ரிஸ்க், லோ ரிஸ்க்' என்று மதிப்பெண் போட்டுப் பிரிக்கும் அட்டவணைகள் பல இருக்கின்றன. ஹை ரிஸ்க் என்று முத்திரை விழுந்த நூறு பேரில் பின்னாளில் தற்கொலையால் இறப்பவர்கள் ஏறத்தாழ 5 பேர்தான் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டது. இறந்தவர்களில் பெரும்பங்கு லோ ரிஸ்க் பெட்டியிலிருந்தும் வருகிறார்கள். அதனால்தான் நைஸ் வழிகாட்டி, யாருக்குச் சிகிச்சை, யாரை அனுப்பலாம் என்பதை இந்த மதிப்பெண்ணால் முடிவு செய்யவே கூடாது என்கிறது. ஒருமுறை முயன்று மருத்துவமனைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேர் ஓராண்டுக்குள் மறுபடி வருகிறார்கள். யார் அந்தப் பதினாறு பேர் என்று ஜோசியம் பார்க்க முடியாது. எனவே நூறு பேருக்கும் அடிப்படைக் கவனிப்பு கிடைக்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பலாமா, மனநல வார்டில் சேர்க்கலாமா? பிழைத்ததற்கு வருந்துகிறவர், திட்டம் இன்னும் மனதில் இருப்பவர், குரல் கேட்பவர், சாப்பாடு தூக்கம் விட்டுச் சோர்ந்து கிடப்பவர், திரும்பிப் போகும் வீடே ஆபத்தான இடமாக இருப்பவர் ஆகியோரைச் சேர்ப்பது நல்லது. முடிந்தவரை அவர் சம்மதத்தோடு. சம்மதிக்க இயலாத நிலையில், மனநலப் பராமரிப்புச் சட்டம் 89-வது பிரிவின் கீழ் நியமனப் பிரதிநிதியின் (நோயாளியின் சார்பில் பேச நியமிக்கப்பட்டவர்) விண்ணப்பத்தில், ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ தனித்தனியே பார்த்த பிறகு, 30 நாள் வரை சேர்க்கலாம். மனநல மருத்துவரே இல்லாத தாலுகா மருத்துவமனையில் என்ன செய்வது? 94-வது பிரிவு, பதிவு பெற்ற எந்த மருத்துவரும் உயிர் காக்கவும் கடும் தீங்கைத் தடுக்கவும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம் என்கிறது. அதற்குள் மனநலப் பிரிவுள்ள இடத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டும்.

வீட்டுக்குப் போகிறவர் வெறுங்கையோடு போகக் கூடாது. பாதுகாப்புத் திட்டம் என்று ஒரு தாள். ஸ்டான்லி, பிரவுன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வடிவமைத்தது. டாக்டர் எழுதிக் கொடுப்பதல்ல, நோயாளி தன் வார்த்தையில் எழுத வேண்டும், எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதலாம். எண்ணம் கிளம்புவதற்கு முன் தெரியும் அறிகுறி என்ன ("மாமியார் கிட்டப் பேசி முடிச்சதும் நெஞ்சு படபடன்னு அடிக்கும், கதவைச் சாத்திக்குவேன்"), அப்போது தானே செய்யக்கூடியது என்ன ("மாட்டுக் கொட்டகைக்குப் போயிடுவேன்"), மனம் மாற யாரிடம், எந்த இடத்துக்குப் போகலாம், உதவி கேட்க யாருக்குப் போன் செய்யலாம், எந்த மருத்துவமனை எந்த எண், வீட்டில் ஆபத்தான பொருளை என்ன செய்வது. ஆறே விஷயம், முக்கால் மணி நேரம். "மனதைத் திடமாக வைத்துக்கொள்வேன்" என்று எழுதினால் அது திட்டமே இல்லை, திரும்பக் கேளுங்கள். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகள் ஒன்பதில், 1,640 பேரிடம் செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. இந்தத் தாளும் பின்தொடரும் போன் அழைப்புகளும் கிடைத்தவர்களிடம் அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த செயல்கள் 45 சதவீதம் குறைவு.

ஆபத்தான பொருள் பற்றி நுணுக்கமான ஒரு விஷயம். "பூச்சிமருந்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள். இலங்கையின் அனுராதபுரப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்து நடத்திய பெரிய ஆய்வு 2017-ல் வெளிவந்தது. பெட்டி கொடுத்த ஊர்களில் நஞ்சுண்ணுதல் குறையவில்லை. அதே இலங்கையில் கடும் நச்சுள்ள பூச்சிமருந்துகளை அரசு படிப்படியாகத் தடை செய்ததும், 1995-ல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 70 சதவீதம் இறங்கியது. பூட்டு இருந்தால் சாவியும் வீட்டில்தான் இருக்கும். ஆகவே ஒரு முயற்சி நடந்த வீட்டில், சில மாதங்களுக்காவது மருந்தை வைக்கவே வேண்டாம். தெளிக்கும் அன்று தேவையான அளவு வாங்கி அன்றே தீர்த்துவிடுங்கள், மிச்சத்தைத் தோட்டம் பார்க்கும் பங்காளி வீட்டில் கொடுங்கள். மனநல மாத்திரைகளையும் மாதக்கணக்கில் எழுதாமல் வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பது, அளவு மீறினால் ஆபத்துக் குறைந்த ரகத்தைத் தேர்ந்தெடுப்பது, வீட்டில் ஒருவர் கையில் வைத்துக் கொடுப்பது டாக்டர் செய்ய வேண்டியவை.

பிறகு, போன். இது பேச்சுவாக்கில் சொல்லும் யோசனை அல்ல, உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு, பிரேசிலின் காம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில் அவசரப் பிரிவுகளுக்கு வந்த 1,867 பேரிடம் சோதித்தது. ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதிக்கு டிஸ்சார்ஜுக்கு முன் ஒரு மணி நேரத் தனிப் பேச்சு, பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரிப்பு: 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்கள், பின் 4, 6, 12, 18-ஆம் மாதங்கள். முடிவு 2008-ல் வந்தது. வழக்கமான கவனிப்பில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள், இந்தப் பக்கம் 0.2 சதவீதம். விலை உயர்ந்த மருந்து எதுவும் இல்லை. நர்ஸோ, உளவியலாளரோ, பயிற்சி பெற்ற சமூகப் பணியாளரோ செய்யலாம்.

இது நம் ஊரில் உடைவது தொலைபேசி எண்ணில். பதிவேட்டில் இருப்பது கணவனின் எண், அல்லது கூட்டிவந்த பக்கத்து வீட்டுக்காரரின் எண். "ராங் நம்பர்" என்று முடிந்துவிடும். எனவே டிஸ்சார்ஜுக்கு முன்பே நோயாளியின் சொந்த எண், அவர் நம்பும் ஒருவரின் எண் இரண்டையும் வாங்கி அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். எந்த நேரத்தில் தனியாகப் பேச முடியும், வேறு யாராவது எடுத்தால் எங்கிருந்து என்று சொல்ல வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். "ஆஸ்பத்திரியிலேர்ந்து, மாத்திரை விஷயமா" என்பது பலருக்கு வசதியான பதில். முதல் அழைப்பு ஒரு வாரம் தாமதிக்கக் கூடாது, இரண்டு நாளுக்குள் போனால் நல்லது. மூன்று முறை எடுக்கவில்லை என்றால் நம்பும் நபரின் எண். கிராம சுகாதார செவிலியரை அனுப்புவதாக இருந்தால் நோயாளியின் சம்மதம் முன்பே வேண்டும், ஊரில் ரகசியம் ஒரு தெருவைத் தாண்ட ஐந்து நிமிடம் போதும்.

சீட்டோடு அனுப்பப்பட்ட உங்கள் உறவினர் விஷயத்தில் இன்னும் காலம் கடக்கவில்லை. டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்கள்தான் கவனம் அதிகம் தேவைப்படும் காலம். சைக்கியாட்ரி ஓபி நடக்கும் நாளைக் கேட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு கூடவே போங்கள். தனியாகப் போகச் சொன்னால் பெரும்பாலும் போக மாட்டார். மாவட்ட மனநலத் திட்ட டாக்டர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்கு வரும் நாள்களும் உண்டு. இடையில் இரவில் நிலைமை மோசமானால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416, தமிழகத்தில் 104, தற்கொலைத் தடுப்பு அமைப்பான சென்னை சினேகா 044-24640050, இலங்கையில் 1926. இதைப் படிக்கும் உங்களுக்கே அப்படி ஓர் எண்ணம் ஓடிக்கொண்டிருந்தால், இதே எண்களில் உங்களுக்காகவும் பேசலாம். செயலில் இறங்கிவிடுவோம் என்று தோன்றினால் தனியாக இருக்காமல் பக்கத்து அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

தனியார் மருத்துவமனையில் சேர்த்தவர்களுக்குக் காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு, உடல் நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. இருந்தாலும் பல பாலிசிகளில் தனக்குத் தானே ஏற்படுத்திக்கொண்ட காயத்துக்கு விலக்கு எழுதியிருக்கும், அதைக் காட்டி மறுப்பார்கள். அதற்காகக் கேஸ் ஷீட்டில் "தவறுதலாக" என்று மாற்றச் சொல்லி டாக்டரை நச்சரிக்காதீர்கள். அப்படி மாற்றினால் அடுத்த டாக்டருக்கு உண்மை தெரியாமல் போகும், ஏஆரில் ஒன்றும் சம்மரியில் ஒன்றுமாக இருந்தால் காப்பீட்டு நிறுவனமும் அதையே பிடித்துக்கொள்ளும். மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் மனு கொடுக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.